ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வாசகர்

1990களின் நடுவில் நாம் பள்ளி மாணவராய் இருந்தபோது, நம் ஊர்க் கிளை நூலகத்திலிருந்து எடுத்து வரும் நாவல்களில் அச்செழுத்துக்கு அப்பால் வேறோர் எழுத்தும் இருக்கக் கண்டோம். பக்க ஓரங்களில் பென்சிலாலும், சில வேளைகளில் நீல மைப் பேனாவாலும் எழுதப்பட்ட குறிப்புகள் அவை. முதல் முப்பது பக்கத்தைப் பொறுத்துக்கொண்டால் பிறகு கதை ஓடும் என்று ஒருவர் எழுதியிருப்பார். கதாநாயகியைச் சாகடித்திருக்க வேண்டாம் என்று கடைசிப் பக்கத்தில் மற்றொருவர் வருந்தியிருப்பார். அதற்குக் கீழே, சாகடித்ததுதான் சரி என்று மூன்றாமவர் பச்சை மையில் மறுத்திருப்பார். நூலகரோ, புத்தகத்தில் கிறுக்கக் கூடாது என்ற அறிவிப்புப் பலகையின் கீழேயே அமர்ந்திருப்பார்.

நூலைக் கெடுக்கும் பழக்கம் அது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அக்குறிப்புகளை நம்பி நாம் தேர்ந்தெடுத்த நூல்கள் பல. கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் தாளில் தேதி முத்திரைகள் நெருங்கி விழுந்திருக்கின்றனவா என்று பார்ப்பதும், அலமாரிக்குப் போகாமல் அன்றைக்குத் திரும்பி வந்து மேசைமேல் கிடக்கும் நூல்களை முதலில் புரட்டுவதும் நூலகம் செல்லும் எவருக்கும் பழக்கமானவையே. முன்பின் அறியாத ஒருவர் படித்த நூல் என்பதே நமக்கு ஒரு பரிந்துரை ஆகிவிடுகிறது.

இது மிகச் சாதாரணமான செய்தியாகத் தோன்றும். ஆனால் ஒரு நூலைப் பற்றி யார் வேண்டுமானாலும் கருத்துச் சொல்லலாம், அக்கருத்துக்கு மதிப்பும் உண்டு என்னும் நிலை தமிழில் எளிதாக வந்துவிடவில்லை. அது வந்த வழியைத் திரும்பிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அவ்வாறு பார்க்க வேண்டிய தேவை நமக்கு ஏன் நேர்ந்தது என்பதையும் முடிவில் சொல்லியாக வேண்டும்.

நம் மரபில் நூலைப் பற்றிப் பேசும் இடம் பாயிரம். தொல்காப்பியத்துக்குப் பனம்பாரனார் செய்த சிறப்புப் பாயிரம், அந்நூல் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியதைச் சொல்கிறது. ஒரு நூல் உலகுக்கு வருமுன் அறிந்தோர் ஒருவரின் செவியைக் கடந்து வர வேண்டும் என்னும் எண்ணம் அதில் உள்ளது. பின்னாளில் நன்னூல் செய்த பவணந்தி முனிவர் இதனை விதியாகவே வகுத்தார். நூலாசிரியனுடைய ஆசிரியர், அவனோடு உடன் கற்றவர், அவன் மாணாக்கர், தகுதி வாய்ந்த உரைகாரர் ஆகிய நால்வரே சிறப்புப் பாயிரம் சொல்லக் கடமைப்பட்டவர் என்றார். எத்துணைப் பெரிய நூலைச் செய்தாலும் தன்னைத் தானே புகழ்ந்துகொள்வது தகாது என்றும் சேர்த்துச் சொன்னார்.

விதியின் நோக்கம் நல்லதே. அறியாதார் வாய்க்கு வந்தபடி பேசாமல் காப்பது அது. எனினும் அந்நால்வரையும் சற்று உற்று நோக்க வேண்டும். ஆசிரியர், தோழர், மாணவர் ஆகிய மூவரும் நூல் செய்தவனுக்கு வேண்டியவர்கள். உரைகாரரோ நூலோடு தம் உழைப்பைப் பிணைத்துக்கொண்டவர். எங்கோ ஓரூரில் இருந்துகொண்டு, ஆசிரியர் யாரென்றே அறியாமல் நூலைப் படிப்பவருக்கு அப்பட்டியலில் இடமில்லை. ஏட்டுச்சுவடிக் காலத்தில் அப்படியொரு வாசகர் கிடைப்பதே அரிது என்பதையும் நாம் மறந்துவிடக் கூடாது.

ஆனால் அதே மரபுக்குள் இதற்கு நேர்மாறான ஒரு கதையும் உண்டு. நக்கீரர் இறைவனோடு வாதிட்ட கதையைத் திரைப்படம் பார்த்த குழந்தைகளும் அறிவர். இறையனார் களவியல் உரை கூறும் உருத்திரசன்மன் கதையை அறிந்தோர் அத்துணைப் பேர் இலர். களவியலுக்குச் சங்கப் புலவர்கள் ஆளுக்கோர் உரை கண்டனர். எது மெய்யுரை என்பதில் பூசல் எழுந்தது. ஒருவரை ஒருவர் ஒப்பவில்லை. முடிவில் நடுநின்று தீர்ப்புச் சொல்லக் கிடைத்தவன், உப்பூரிகுடி கிழார் மகனான ஐந்து வயதுச் சிறுவன். அவன் ஊமை. அவனை இருக்கையில் அமர்த்திப் புலவர்கள் தத்தம் உரைகளைப் படித்தனர். பலர் உரைக்கும் அவன் வாளா இருந்தான். மதுரை மருதன் இளநாகனார் உரையைக் கேட்டபோது சிற்சில இடங்களில் கண்ணீர் வார்த்து மெய்ம்மயிர் சிலிர்த்தான். நக்கீரனார் உரைக்கோ சொல்தோறும் அவ்வாறு ஆயினான். அதுவே மெய்யுரை என்று புலவர்கள் ஏற்றுக்கொண்டனர்.

அச்சிறுவனைத் தெய்வப் பிறவி என்று கதை கூறுவது வேறு. நமக்கு முக்கியமாகப் படுவது ஒன்றே. புலவர் கூட்டம் தனக்குள் தீர்த்துக்கொள்ள இயலாத வழக்கைக் கேட்பவன் ஒருவனிடம் கொண்டு செல்கிறது. அவனுக்குப் பட்டமில்லை, வாதத்திறம் இல்லை, பேச்சே இல்லை. யாருக்கும் கடமைப்பட்டவனாகவும் அவன் இல்லை. உரை அவனைத் தொட்டதா என்பது மட்டுமே அளவுகோல் ஆகிறது. நால்வர் பட்டியலில் இடம்பெறாத வாசகனுக்கு இக்கதை ஓர் இருக்கை போட்டு வைத்தது எனலாம். அந்த இருக்கை நெடுங்காலம் வெறுமையாகவே கிடந்தது.

19ஆம் நூற்றாண்டில், குறிப்பாக 1835இல் அச்சகங்கள்மீது இருந்த கட்டுப்பாடு நீங்கிய பின்னர், தமிழ் நூல்கள் பெருகின. நூலின் முன்பக்கங்களில் சாற்றுகவிகளும் பெருகின. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை போன்ற பெரும்புலவர்கள் பிறர் நூல்களுக்கு வழங்கிய சிறப்புப் பாயிரங்கள் பல. புலவர்களின் பட்டங்களையும் ஊர்களையும் அடுக்கி, பக்கம் பக்கமாகப் புகழ்ச் செய்யுள் அச்சிடும் வழக்கம் வேரூன்றியது. அதற்கு எதிர்த்திசையில் கண்டன நூல்கள் கிளம்பின. 1867இல் இராமலிங்க அடிகளின் திருவருட்பா அச்சில் வந்ததைத் தொடர்ந்து எழுந்த அருட்பா – மருட்பாப் பூசல் 1869இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றதை நாம் அறிவோம். புகழ வேண்டும், அல்லது கண்டிக்க வேண்டும். இவ்விரண்டுக்கும் இடையே, இந்நூலை இவ்வாறு படித்தேன், இவ்விடம் புரிந்தது, இவ்விடம் புரியவில்லை என்று சொல்வதற்கு அவ்வுலகில் இடம் மிகக் குறைவு.

அப்படிச் சொல்லும் இடம் வேறெங்கோ சந்தடியின்றி இருந்துகொண்டிருந்தது என்பதற்கு உ. வே. சாமிநாதையரின் வாழ்வே சான்று. 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த ஐயர், அவ்வூருக்கு முன்சீப்பாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்திக்கிறார். தாம் கற்ற அந்தாதிகளையும் கலம்பகங்களையும் பிள்ளைத்தமிழ்களையும் வரிசையாகச் சொல்கிறார். முதலியார் வியக்கவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்கிறார். ஐயர் படித்ததில்லை. மகாவித்துவானிடம் பயின்ற புலமையை, நூல் விருப்பம் கொண்ட ஓர் அரசு அலுவலரின் கேள்வி அசைத்துவிட்டது.

பின்னர் இருவரும் சேர்ந்து சிந்தாமணியைப் படிக்கத் தொடங்கினர். சமண சமயக் கருத்துகள் பல விளங்கவில்லை. அப்பொழுதுதான் கும்பகோணத்திலேயே இருந்த சமணக் குடும்பங்களைப் பற்றி ஐயருக்குத் தெரியவருகிறது. அவர்கள் வீட்டுக்குச் சென்றால் தோரணம் கட்டி விழாக்கோலமாக இருக்கிறது. பல மாதங்களாகச் சிந்தாமணியை ஒருவர் படிக்கப் பிறர் கேட்டு, அன்று அந்த வாசிப்பு நிறைவெய்தியதற்கான கொண்டாட்டம் அது. தமிழ் படித்த பண்டிதர்கள் அறியாதிருந்த காப்பியத்தை, வணிகம் செய்துவந்த குடும்பத்தார் கூடியிருந்து வாசித்துப் பொருள் பேசிக் காத்து வந்திருக்கிறார்கள். ஐயர் அவர்களிடம் மாணவராக அமர்ந்து ஐயங்களைத் தீர்த்துக்கொண்டார். 1887இல் சிந்தாமணி அச்சேறியபோது அப்பதிப்பின் பின்னே அந்த வீட்டுத் திண்ணையும் இருந்தது. தமிழ்ப் பதிப்பு வரலாறு பேசுவோர் ஏடு தேடிய கதையையே பெரிதும் சொல்வர். படித்ததைப் பகிர்ந்துகொண்டோரைத் தேடிச் சென்ற கதை அதற்குச் சற்றும் குறைந்ததன்று.

20ஆம் நூற்றாண்டில் இத்தகைய கூட்டங்கள் பெயரும் புகழும் பெற்றன. அவற்றுள் பெரியது ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியாரின் வட்டத்தொட்டி. 1920களில் திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் அவர் இல்லத்து முற்றத்தில் மாலை வேளையில் நண்பர்கள் கூடுவர். கம்பனின் பாடல் ஒன்றை டி.கே.சி. பாடுவார், நிறுத்துவார், மீண்டும் பாடுவார். வழக்கறிஞரும் அலுவலரும் மாணவரும் இலக்கணக் குறிப்பு ஏதுமின்றிக் கவிதையை அனுபவிக்கக் கற்றுக்கொண்டனர். புலவர்களிடமிருந்து கவிதையை வாங்கி ரசிகர்களிடம் கொடுத்தார் அவர். எனினும் அது ஒரு பெரிய ரசிகரைச் சுற்றி அமைந்த வட்டம். கம்பன் பாடல்கள் பலவற்றை இடைச்செருகல் என்று டி.கே.சி. ஒதுக்கியபோது வெளியே கடும் எதிர்ப்புக் கிளம்பியது. பெரியவர் முன்னிலையில் வட்டத்துக்குள் இருந்து மறுத்துப் பேசுவது எளிதாக இருந்திருக்குமா என்ற கேள்வி நமக்கு எழுவது இயல்பே.

அதே 1920களில் சென்னையில் இன்னொரு வழி திறந்தது. மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துவந்த சீர்காழிக்காரரான சீ. இரா. அரங்கநாதன், 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்றார். வேலையின்றி நாளெல்லாம் நாற்காலியில் அமர்ந்திருக்கும் பணி அவருக்குச் சலித்தது. கணிதத்துக்கே திரும்பிவிட எண்ணினார் என்பர். இலண்டன் சென்று அங்குள்ள பொது நூலகங்களைக் கண்ட பின்னரே நூலகம் என்பது என்ன என்று அவருக்கு விளங்கியது. 1928இல் சென்னை நூலகச் சங்கம் தோன்றியது. 1931இல் நூலக இயலின் ஐந்து விதிகள் நூலாக வெளிவந்தன. நூல்கள் பயன்பாட்டுக்கு உரியவை. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல். ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர். வாசகரின் நேரத்தைக் காக்க. நூலகம் வளரும் உயிரி என்பனவே அவை.

இவற்றுள் மூன்றாம் விதி நம் கவனத்துக்கு உரியது. வாசகர் நூலைத் தேடுவார், சரி. நூல் எவ்வாறு வாசகரைத் தேடும்? அதற்குக் காலில்லை. நூலகர் திறந்த அலமாரியில் வைக்கலாம், பட்டியலிடலாம், கண்காட்சி நடத்தலாம். இவற்றையெல்லாம் கூறிய அரங்கநாதன், நூலகத்தில் வாசிப்பு வட்டங்கள் அமைப்பதையும் எழுத்தறியாதோர்க்குப் படித்துக் காட்டுவதையும் இவ்விதியின் பாற்பட்ட பணிகளாகவே கருதினார். அவ்வாறாயின் ஒரு நூல் தன் வாசகரை அடையும் வழிகளுள் முதன்மையானது மற்றொரு வாசகரின் வாய்ச்சொல்லே ஆகும். நூலைப் பற்றிப் பேசிக்கொள்வது ஓய்வு நேரப் பொழுதுபோக்கு என்று நாம் எண்ணிக்கொண்டிருக்க, அதனை நூலகத்தின் இயக்கமாகவே கண்டார் அந்தக் கணித ஆசிரியர்.

அதே 1931இல் மன்னார்குடியில் மாட்டுவண்டி நூலகம் புறப்பட்டது. பொறியாளர் கனகசபைப் பிள்ளையின் முயற்சி அது. நூல்களை அடுக்கிய வண்டி ஊர் ஊராகச் சென்றது. நூலுக்குக் கால் முளைத்த காட்சி என்று அதனைச் சொன்னால் மிகையாகாது. விடுதலைக்கு அடுத்த ஆண்டே, 1948இல், சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டத்தை இயற்றியது. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அதுவே. அப்பொழுது கல்வி அமைச்சர் தி. சு. அவினாசிலிங்கம். சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்தது. இதன் பொருள் பெரிது. வீட்டு வரி கட்டும் ஒவ்வொருவரும் அன்றுமுதல் நூலகத்தின் பங்காளி ஆனார். புரவலரின் தயவிலோ பெரியவரின் முற்றத்திலோ அல்லாமல், தம் பணத்தில் வாங்கிய நூலைப் பற்றித் தாமே பேசும் உரிமை முதன்முதலாகச் சாதாரண வாசகரின் கைக்கு வந்தது.

அவ்வுரிமையைப் பழக்கமாக்க முயன்றவர்களையும் குறிப்பிட வேண்டும். 1959 சனவரியில் சி. சு. செல்லப்பா தொடங்கிய எழுத்து, கதைகளைப் பாராட்டுவதோடு நில்லாமல் காரணம் கேட்டது. நன்று என்றால் ஏன் நன்று, அன்று என்றால் ஏன் அன்று என்று எழுதப் பழக்கியது. 1970இல் சென்னையில் தோன்றிய இலக்கியச் சிந்தனை வேறொரு முறையைக் கைக்கொண்டது. அம்மாத இதழ்களில் வெளிவந்த சிறுகதைகளை ஒருவர் படித்து, தம் தேர்வைக் கூட்டத்தில் காரணத்தோடு முன்வைப்பார். மாதந்தோறும் தேர்வாளர் மாறுவார். தீர்ப்பு ஒருவர் கையிலேயே நிலைத்துவிடாமல் சுற்றி வந்தது என்பதே அம்முறையின் சிறப்பு. பொது நூலகங்களில் வாசகர் வட்டங்கள் அமைந்து, நூல் அறிமுகக் கூட்டங்கள் நடைபெறலாயின. சென்னைக் கோட்டூர்புரத்தில் 2010இல் அண்ணா நூற்றாண்டு நூலகமும், மதுரையில் 2023இல் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் திறக்கப்பட்டன. வண்டியில் தொடங்கிய இயக்கம் மாடமாளிகை வரை வந்துவிட்டது.

இனி, நாம் சொல்ல வேண்டிய செய்திக்கு வருவோம்.

2012இல் நெசவாளர் நிறைந்த ஒரு சிற்றூரின் நூலக வாசகர் வட்டத்தில் நாமும் ஓர் உறுப்பினர். கல்லூரியில் தமிழ் கற்பிப்பவர் என்பதால் கூட்டங்களுக்குத் தலைமை தாங்கும் பொறுப்பு நம்மிடம் வந்து சேர்ந்திருந்தது. ஒரு மாதம், நெசவாளர் வாழ்வைப் பற்றிப் பலராலும் பாராட்டப்பட்ட ஒரு நாவலை எடுத்துக்கொண்டோம். ஆசிரியரும் வந்திருந்தார். நால்வர் பேசினர், நால்வரும் புகழ்ந்தனர். கூட்டம் முடியும் வேளையில், எப்போதும் கடைசி வரிசையில் அமர்ந்து கேட்டுவிட்டுப் போகும் வயதான நெசவாளர் ஒருவர் எழுந்தார். நாவலில் ஐப்பசி அடைமழையில் கதாநாயகன் இரவு பகலாகத் தறியில் அமர்ந்து, மகளின் கல்யாணச் சேலையை நெய்து முடிக்கும் பகுதி ஒன்று உண்டு. பேசிய நால்வரும் அப்பகுதியையே உச்சம் என்றனர்.

"ஐயா, அடைமழையில குழித்தறி ஓடாதுங்க" என்றார் அவர். "குழிக்குள்ள தண்ணி ஊறிடும். பாவு நமத்துப் போகும். அந்த மாசம் எங்க தெருவுல சோத்துக்கே கடன் வாங்குவோம். நெய்ய முடியாம உட்கார்ந்திருக்கறதுதான் எங்க கஷ்டம். இவர் நெய்யுறதா எழுதிட்டாரு."

அவையில் சிலர் சிரித்தனர். நாம் ஒலிபெருக்கியை வாங்கி, புனைவில் இத்தகைய தகவல் நுணுக்கங்களைப் பெரிதுபடுத்தக் கூடாது, கலை உண்மை வேறு, நடப்பு உண்மை வேறு என்று விளக்கம் அளித்தோம். நேரமாகிவிட்டது என்றும் சொன்னோம். நன்றியுரை நடந்தது. அம்முதியவர் அதன்பின் கூட்டத்துக்கு வரவில்லை. மூன்று நான்கு மாதங்கள் வரை அதை நாம் கவனிக்கவும் இல்லை.

அடுத்த ஆண்டு வகுப்புக்காக அந்நாவலை நூலகத்திலிருந்து மீண்டும் எடுத்தோம். மழைப் பகுதி வரும் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால், 'மழையில் தறி ஓடாது' என்று எழுதியிருந்தது. அதன்கீழ் வேறொரு கையெழுத்தில், 'எங்கள் வீட்டிலும் அப்படித்தான்' என்றிருந்தது. முதல் வரி அவருடையதுதானா என்று நமக்குத் தெரியாது. ஆனால் நாம் நடத்திய கூட்டத்தில் நடந்திருக்க வேண்டிய உரையாடல் அந்தப் பக்க ஓரத்தில் நடந்திருந்தது என்பது மட்டும் விளங்கியது.

இப்போது எண்ணிப் பார்க்கையில், அவர் சொன்னது தகவல் பிழை மட்டுமன்று. நாவல் எதை வீரமாகக் காட்டியதோ, அதன் இடத்தில் ஒரு கையறுநிலை இருந்தது, அதை ஆசிரியர் காணவில்லை என்பதே அவர் கருத்து. அன்றைய அவையில் சொல்லப்பட்ட ஒரே இலக்கிய விமரிசனமும் அதுவாகத்தான் இருந்தது. எட்டாண்டுகள் தமிழிலக்கியம் கற்பித்திருந்த நமக்கு அது கேட்கவில்லை. பாயிரத்துக்குரிய நால்வரைப் போலவே நாமும் நூலாசிரியர் பக்கம் நின்றுவிட்டோம். நூலகம் எல்லோருக்கும் உரியது என்று மேடையில் பேசுவது எளிது. மாற்றுக் கருத்துச் சொன்னவர் அடுத்த மாதமும் வந்து அமர முடிகிறதா என்பதில்தான் அப்பேச்சின் உண்மை இருக்கிறது.

அவர் தெருவைத் தேடிச் சென்றோம். அவர் மகன் வீட்டோடு வெளியூர் போய்விட்டதாகச் சொன்னார்கள். நம் வருத்தத்தை அவரிடம் தெரிவிக்க இயலவில்லை.

வட்டம் இன்றும் நடந்துவருகிறது. அதன்பின் இரண்டு மாற்றங்களைச் செய்தோம். நூலகரின் இசைவுடன் மேசைமேல் கோடு போட்ட நோட்டு ஒன்று வைத்திருக்கிறோம். நூலின் ஓரத்தில் எழுத எண்ணுவதை அதில் எழுதலாம்; பெயர் எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. கூட்டத்தில் முதலில் அந்நோட்டு வாசிக்கப்படுகிறது. அடுத்து, கடைசி வரிசையில் இருப்பவர்கள் பேசுகிறார்கள். கல்லூரியில் கற்பிப்பவர்கள் இறுதியில்தான் பேச வேண்டும். சில மாதங்களில் நேரமின்றி நம் முறை வராமலே போவதும் உண்டு. அதனால் கூட்டம் குறைபட்டதாக இதுவரை யாரும் நோட்டில் எழுதவில்லை.